ஒரே கத்தரிச் செடி, மூன்று நாடுகள்: உயிரித் தொழில்நுட்பத்தை மதிப்பிடுவதும் நெறிப்படுத்துவதும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவை நல்லவையா கெட்டவையா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. ஓர் அரசு எதை ஆராய்ந்து, யாரைக் கேட்டு, எந்தச் சட்டத்தின் கீழ் முடிவெடுக்கிறது, அதே பொருளைப் பற்றி இன்னொரு நாடு எதிர்மாறாக முடிவெடுத்தால் என்ன நேரும் என்பவை அரிதாகவே பேசப்படுகின்றன. கீழே உள்ள கேள்விகள் அவற்றைப் பற்றியவை. பல நாடுகளின் உதாரணங்கள் வந்தாலும், பி.டி. கத்தரியே இப்பக்கத்தின் மையம். ஒரே ஆய்வகத்தில் பிறந்த மரபணு மாற்றம் ஒன்று மூன்று ஆசிய நாடுகளின் சட்டங்களுக்குள் நுழைந்து மூன்று விதமாக வெளியேறியது இதில்தான்.

பி.டி. கத்தரி என்பது என்ன?

கத்தரியின் பெரும்பகை தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்னும் புழு. அது தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துவிட்டால் தெளிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை என்பதால், உழவர்கள் ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பப் பூச்சிக்கொல்லி அடிக்கிறார்கள். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற மண்வாழ் பாக்டீரியா, இவ்வகைப் புழுக்களின் குடலைத் தாக்கும் புரதம் ஒன்றை உண்டாக்குகிறது. அப்புரதத்துக்கான கிரை1ஏசி என்ற மரபணுவைக் கத்தரிக்குள் செலுத்தி, இந்தியாவின் மஹிகோ விதை நிறுவனம் உருவாக்கியதே இப்பயிர். அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையின் நிதியில், கார்னெல் பல்கலைக்கழகம் வழிநடத்திய திட்டம் ஒன்றின் மூலம் இத்தொழில்நுட்பம் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அளிக்கப்பட்டது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய தன் ரகங்களில் அது இம்மரபணுவைச் சேர்த்தது. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம், பங்களாதேஷ் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் லாஸ் பானியோஸ் வளாகம் ஆகியவையும் இதில் பங்கேற்றன.

மூன்று நாடுகளும் என்ன முடிவெடுத்தன?

இந்தியாவில், மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபர் 14 அன்று பி.டி. கத்தரியைச் சுற்றுச்சூழலில் வெளியிடலாம் என்று ஏற்றுக்கொண்டது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை உடனே நடைமுறைப்படுத்தாமல், 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார். மாநில முதலமைச்சர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் கடிதம் எழுதினார். 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். அந்த நிறுத்திவைப்பு இன்னும் விலக்கப்படவில்லை.

பங்களாதேஷ் 2013 அக்டோபர் 30 அன்று நான்கு பி.டி. ரகங்களுக்கு ஒப்புதல் அளித்தது. 2014 ஜனவரியில் இருபது உழவர்களுக்கு நாற்றுகள் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் பயிரிடுவோர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. குறிப்பிடத்தக்க செய்தி, பங்களாதேஷ் ஒப்புதலுக்குத் துணைநின்ற பாதுகாப்புத் தரவில் பெரும்பகுதி இந்தியாவில் திரட்டப்பட்டது என்பதாகும். தரவு உருவான நாடு தயங்கியது. அதை வாங்கிப் படித்த நாடு பயிரிட்டது.

பிலிப்பைன்ஸில் முடிவை நீதிமன்றங்கள் எழுதின. களச்சோதனைகளை எதிர்த்து, 'இயற்கைக்கான நீதிப்பேராணை' என்னும் அந்நாட்டுக்கே உரிய சட்ட வழியில் 2012இல் வழக்குத் தொடரப்பட்டது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சோதனைகளை நிரந்தரமாகத் தடுத்ததோடு, அவற்றுக்கு அனுமதி தந்த 2002ஆம் ஆண்டின் வேளாண் துறை ஆணையையும் செல்லாததாக்கியது. 2016 ஜூலையில், சோதனைகள் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் தீர்ப்பளிக்க விவகாரமே மிஞ்சவில்லை என்று கூறி அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. புதிய விதிகள் வந்தன. 2022 அக்டோபரில் வணிகச் சாகுபடிக்கு அனுமதியும் கிடைத்தது. 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பி.டி. கத்தரி, வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றப்பட்ட தங்க அரிசி ஆகிய இரண்டின் உயிரிப் பாதுகாப்பு அனுமதிகளையும் ரத்து செய்தது.

இடர் மதிப்பீட்டில் உண்மையில் என்னதான் ஆராய்கிறார்கள்?

நாடுகளுக்கிடையே இவ்வளவு பிளவு இருந்தும், ஆராயும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். உணவுப் பாதுகாப்புக்கு, கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர ஆணையம் 2003இல் வகுத்த வழிகாட்டுதல்களே பொது அடிப்படை. செருகப்பட்ட மரபணு எங்கே அமர்ந்துள்ளது, புதிய புரதம் நச்சாகுமா, ஒவ்வாமை தருமா, காயின் சத்துகளும் இயற்கை நச்சுகளும் வழக்கமான அளவில் உள்ளனவா என்பவை பார்க்கப்படுகின்றன. சுற்றுச்சூழல் பக்கத்தில், மகரந்தம் காட்டு இனங்களுக்குச் செல்லுமா, பயனுள்ள பூச்சிகளுக்குத் தீங்கு நேருமா, பூச்சி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுமா என்பவை பார்க்கப்படுகின்றன. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாக, அதன் மாற்றப்படாத தாய்ச் செடியோடு ஒப்பிட்டு, அது வளரப்போகும் சூழலில் வைத்து மதிப்பிட வேண்டும் என்பது இதன் இலக்கணம்.

இந்தக் கடைசி நிபந்தனை சிறியதாகத் தோன்றினாலும் பெரிய வேறுபாட்டை உண்டாக்க வல்லது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைப் பயிரிடுவது, அதன் காட்டு உறவினமான தியோசின்டே வளரும் நிலத்தில் பயிரிடுவதாகும். ஸ்பெயினில் அதே மக்காச்சோளத்துக்குத் தாயகத்து உறவினங்கள் எதுவும் இல்லை. கத்தரியின் பன்முகத்தன்மைக்கு இந்தியா ஒரு தாய்மண் என்ற வாதம் 2010 முடிவில் கனமாக இருந்ததற்குக் காரணமும் இதுவே.

சான்று ஒன்றாக இருக்கும்போது முடிவு ஏன் மாறுகிறது?

ஏனெனில் சான்று முடிவாக மாறும் வழியில் அறிவியல் விடையளிக்க இயலாத கேள்விகள் சில நிற்கின்றன. எவ்வளவு உறுதி போதுமானது? பாதுகாப்பானது என்று காட்டும் சுமை விற்பவர் மீதா, ஆபத்தானது என்று காட்டும் சுமை எதிர்ப்பவர் மீதா? எதனோடு ஒப்பிடுவது: மருந்தே அடிக்காத இயற்கைக் கத்தரியோடா, பருவம் முழுக்க நஞ்சு தெளிக்கப்பட்டுச் சந்தைக்கு வரும் இன்றைய கத்தரியோடா?

மூன்றாவது கேள்வியே என் பார்வையில் இங்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. டாக்கா இரண்டாவது ஒப்பீட்டை எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டால் பி.டி. கத்தரிக்கு எதிராக வாதிடுவது கடினம். டெல்லியில் 2010இல் எழுந்த கேள்விகள் பலவும் முதல் ஒப்பீட்டிலிருந்து வந்தவை: நாட்டு ரகங்கள் என்னாகும், சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பயன்படும் செடியின் குணம் மாறுமா, விதை யார் கையில் இருக்கும் என்பவை. இரண்டு ஒப்பீடுகளுமே நியாயமானவை. இவற்றில் ஒன்றை அறிவியல் என்றும் மற்றதை உணர்ச்சி என்றும் பெயரிடுவதுதான் நியாயமற்றது. இரு தரப்பு ஆதரவாளர்களும் அதைத் தயங்காமல் செய்கிறார்கள்.

முன்னெச்சரிக்கைக் கொள்கை என்பது எதையும் அனுமதிக்காத கொள்கையா?

இல்லை. முழுமையான அறிவியல் உறுதி கிடைக்கவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, ஒரு நாடு தற்காப்பு நடவடிக்கை எடுப்பதைத் தடுக்கக் கூடாது என்பதே அதன் உள்ளடக்கம். அது நடவடிக்கைக்கு அனுமதி தருகிறது. என்ன நடவடிக்கை என்று கட்டளையிடுவதில்லை. தடை, கட்டுப்பாட்டோடு கூடிய அனுமதி, தொடர் கண்காணிப்பு எல்லாமே அதற்குள் அடங்கும். 2010ஆம் ஆண்டின் இந்திய நிறுத்திவைப்பு இக்கொள்கையை வெளிப்படையாகவே மேற்கோள் காட்டியது. பொதுமக்களும் அறிவியலாளர்களும் ஏற்கும் வகையில் சுதந்திரமான ஆய்வுகள் முடியும் வரை என்று தன் எல்லையையும் சொன்னது. அந்த ஆய்வுகளை யார், எப்போது, எந்த நிதியில் செய்து முடிப்பது என்பதற்குக் காலவரம்பு வகுக்கப்படாததால் தற்காலிக முடிவு நிரந்தரம்போல் ஆகிவிட்டது. குறை கொள்கையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைச் செயல்படுத்தியதில் இருக்கிறது.

நாடுகளுக்குப் பொதுவான சட்டம் ஏதாவது உண்டா?

உயிரிப் பாதுகாப்புக்கான கார்டஹேனா நெறிமுறை உண்டு. 1999இல் கொலம்பியாவின் கார்டஹேனா நகரில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்து, 2000 ஜனவரியில் மான்ட்ரியாலில் உடன்பாடு எட்டப்பட்டது. 2003 செப்டம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. விதைபோலச் சுற்றுச்சூழலில் விடப்படும் உயிருள்ள மாற்று உயிரிகளை முதன்முறை ஏற்றுமதி செய்யும்போது, இறக்குமதி நாட்டுக்கு முன்கூட்டியே தகவல் தந்து அதன் இசைவைப் பெற வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. உணவுக்கும் தீவனத்துக்கும் போகும் தானியத்துக்கு நடைமுறை இதைவிட எளிது. தானிய ஏற்றுமதி நாடுகள் பேரம்பேசிப் பெற்ற சலுகை அது. இந்தியா, பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ் மூன்றும் இதன் உறுப்பினர்கள். உலகிலேயே அதிகமாக மரபணு மாற்றுப் பயிர்களை விளைவிக்கும் அமெரிக்கா உறுப்பினர் அல்ல. கனடா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா ஆகியவையும் அல்ல. விற்பவர்களில் பலர் வெளியேயும், வாங்குபவர்களில் பலர் உள்ளேயும் இருக்கும் ஒப்பந்தம் இது.

உறுப்பினர் அல்லாத நாடுகளோடு மோதல் வந்தால் எங்கே தீர்ப்பது?

பெரும்பாலும் உலக வர்த்தக அமைப்பில். அங்கே விதி வேறு: தாவர, விலங்கு, மனித நலனுக்கான கட்டுப்பாடுகள் அறிவியல் அடிப்படையிலான இடர் மதிப்பீட்டின் மேல் அமைய வேண்டும்; சான்று போதாதபோது தற்காலிக நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் அதை உரிய காலத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

2003இல் அமெரிக்காவும் கனடாவும் அர்ஜென்டினாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அறிக்கை 2006இல் வெளியானது. ஐரோப்பா 1999 முதல் 2003 வரை ஒப்புதல்களை நடைமுறையில் முடக்கி வைத்தது தேவையற்ற தாமதம் என்றும், சில உறுப்பு நாடுகளின் தனித் தடைகள் இடர் மதிப்பீட்டின் மேல் அமையவில்லை என்றும் நடுவர் குழு கண்டது. மரபணு மாற்று உணவு பாதுகாப்பானதா என்பதைப் பற்றித் தான் தீர்ப்புச் சொல்லவில்லை என்றும் அது தெளிவாக எழுதியது. இந்த வரியைப் படிக்காமலேயே அத்தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் ஏராளம். வழக்காடும் நாடுகள் எல்லாம் உறுப்பினர்களாக இல்லாததால் கார்டஹேனா நெறிமுறையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கட்டாயம் தனக்கு இல்லை என்றும் குழு கூறிவிட்டது. ஆக, ஒரே கேள்விக்கு இரண்டு சர்வதேச மேசைகள். ஒன்று மற்றதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

பாதுகாப்பைத் தவிர வேறு காரணம் சொல்லி ஒரு நாடு மறுக்க முடியுமா?

இதுதான் இத்துறையின் கடினமான இடம். கார்டஹேனா நெறிமுறையின் 26ஆம் பிரிவு, உயிரிப் பன்மைக்கு நேரும் பாதிப்பால் உள்ளூர் மக்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் உண்டாகும் சமூக, பொருளாதார விளைவுகளைக் கருதலாம் என்கிறது. ஆனால் பிற சர்வதேசக் கடமைகளுக்கு இசையவே அவ்வாறு செய்யலாம் என்ற வாசகமும் அதிலேயே இருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடித்துக்கொள்ளும் பிரிவு.

நார்வே 1993இலேயே நேர்வழியில் சென்றது. அதன் மரபணுத் தொழில்நுட்பச் சட்டம், உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் தீங்கில்லை என்பதோடு, சமூகப் பயன், நீடித்த வளர்ச்சி, அறநெறி ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறது. அங்கே ஓர் அதிகாரி 'இது பாதுகாப்பானதே, ஆனால் நமக்குத் தேவையில்லை' என்று கோப்பில் எழுத முடியும். ஐரோப்பிய ஒன்றியமும் பல்லாண்டுச் சண்டைக்குப் பிறகு 2015இல் ஓரளவுக்கு அந்த இடத்துக்கு வந்தது: ஒன்றிய அளவில் பாதுகாப்பு மதிப்பீடு முடிந்த பயிரைக்கூட, நிலப் பயன்பாடு, வேளாண் கொள்கை, சமூகப் பொருளாதாரத் தாக்கம் போன்ற காரணங்களுக்காக உறுப்பு நாடு தன் மண்ணில் பயிரிட மறுக்கலாம். அப்போதிருந்த 28 நாடுகளில் 19 நாடுகள் முழுமையாகவோ பகுதியாகவோ இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டன. அதுவரை தங்கள் மறுப்பை எல்லாம் பாதுகாப்புக் கவலையாக வேடமிட்டு முன்வைக்க வேண்டியிருந்த அரசுகள், அந்த வேடத்தைக் கலைத்துவிட்டுப் பேசத் தொடங்கின.

மெக்சிகோவின் நிலை எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. மக்காச்சோளம் அந்நாட்டில் பயிர் என்பதற்கும் மேலே. அன்றாட உணவும் சடங்கும் வரலாறும் அதோடு பின்னியவை. 2023இல் அந்நாட்டு அரசு ரொட்டிக்கும் மாவுக்கும் மரபணு மாற்று மக்காச்சோளத்தைப் பயன்படுத்துவதற்கு ஆணை மூலம் தடை விதித்தது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் நடுவர் குழு 2024 டிசம்பரில், இத்தடை உரிய இடர் மதிப்பீட்டின் மேல் அமையவில்லை என்று அமெரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மெக்சிகோ அத்தடையைக் கைவிட்டது. ஆனால் 2025 மார்ச்சில், தன் மண்ணில் மரபணு மாற்று மக்காச்சோளம் பயிரிடுவதற்குத் தடை விதித்து அரசியலமைப்பையே திருத்திக்கொண்டது. பண்பாட்டுக் காரணத்தைச் சொல்ல வர்த்தகச் சட்டத்தில் இடமில்லாதபோது, அது அரசியலமைப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் கருத்தைக் கேட்டால், பாதுகாப்பு என்ற ஒரே வாயிலை மட்டும் திறந்து வைக்கும் சட்டங்கள் அறிவியலுக்குக் காவலாக இருப்பதற்குப் பதிலாக அதைக் கெடுக்கின்றன. விதை உரிமை பற்றியும், உணவு மரபு பற்றியும் கவலைப்படுபவர், பாதுகாப்பைச் சோதிக்க எலிகளுக்கு ஊட்டிப் பார்க்கும் ஆய்வில் குறை தேடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். எலி ஆய்வோ தனக்குச் சம்பந்தமில்லாத பாரத்தைச் சுமக்கிறது.

சிறிய நாடுகளுக்கு இந்தச் சுதந்திரம் உண்மையில் இருக்கிறதா?

காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். இலங்கை 2001இல் மரபணு மாற்று உணவுகளின் இறக்குமதிக்கு விரிவான தடையை அறிவித்தது. உலக வர்த்தக அமைப்பின் பெயராலும் ஏற்றுமதி நாடுகளின் தரப்பிலிருந்தும் வந்த அழுத்தத்தில் அதைத் தள்ளிவைத்து, பின்னர் காலவரையின்றி நிறுத்திக்கொண்டது. பிறகு 2006இல் ஒப்புதலும் பொட்டலத்தில் அடையாளமும் கோரும் ஒழுங்குவிதிகளாக அது வடிவம் மாறியது. ஐரோப்பா அதே அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் வழக்காடித் தாங்கியது. கொழும்புக்கு வழக்குச் செலவே பெரும் தடை.

2002இல், ஜாம்பியா கடும் பஞ்சத்திலும் மரபணு மாற்று மக்காச்சோள உணவு உதவியை மறுத்தது. அதை இன்றுவரை முட்டாள்தனம் என்போரும் வீரம் என்போரும் உண்டு. அண்டை நாடுகள் சில, விதையாக முளைக்காதபடி மாவாக அரைத்துத் தந்தால் ஏற்பதாகக் கூறின. நடைமுறைக்கு உகந்த அந்த நடுவழி விவாதங்களில் அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

ஒரு நாட்டின் ஒப்புதல் தாமதமானால் மற்ற நாடுகளுக்கு என்ன?

பணம் போகும். அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சின்ஜென்டா நிறுவனத்தின் விப்டெரா என்ற மரபணு மாற்று மக்காச்சோளத்தைச் சீனா இன்னும் ஏற்கவில்லை என்ற நிலையில், 2013 நவம்பர் முதல் அமெரிக்கச் சரக்குகளைச் சீனத் துறைமுகங்கள் திருப்பி அனுப்பத் தொடங்கின. ஓராண்டு கழித்துச் சீனா ஒப்புதல் அளித்தது. இடையில் விலை வீழ்ந்தது என்று வழக்குத் தொடுத்த அமெரிக்க உழவர்களுக்கும் வணிகர்களுக்கும் நிறுவனம் ஏறத்தாழ 150 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. அர்ஜென்டினா இதிலிருந்து பாடம் கற்றது: வறட்சியைத் தாங்கும் எச்.பி.4 கோதுமைக்கு 2020இல் ஒப்புதல் தந்தபோதே, தன் பெரிய வாடிக்கையாளரான பிரேசில் ஏற்ற பிறகுதான் விற்பனை என்று நிபந்தனை போட்டுக்கொண்டது.

எல்லை தாண்டி விதை வந்துவிட்டால் யார் பொறுப்பு?

இந்தியாவும் பங்களாதேஷும் பகிர்ந்துகொள்ளும் எல்லை 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. கத்தரி விதையோ சட்டைப்பையில் அடங்கிவிடும். 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி வயலில் கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது. களைக்கொல்லியைத் தாங்கும் அனுமதியற்ற பருத்தி இந்தியாவின் பல மாநிலங்களில் பரவியிருப்பது எல்லோரும் அறிந்தது. தடை இருக்கிறது, பயிரும் இருக்கிறது என்றால், கண்காணிப்பு மட்டும் இல்லை என்று பொருள். அனுமதியைவிடவும் மோசமான நிலை அது.

சேதம் நேர்ந்தால் பொறுப்பேற்பதற்கும் சீர்செய்வதற்கும் நாகோயா–கோலாலம்பூர் துணை நெறிமுறை என்று ஒன்று 2010இல் உருவாகி 2018 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது இழப்பீட்டுத் தொகைகளை நேரடியாக வகுக்காமல், பொறுப்பாளரைக் கண்டறிந்து சீர்செய்ய வைக்கும் கடமையை அந்தந்த நாட்டு அதிகாரிகளிடம் விடுகிறது.

மரபணு திருத்தம் பழைய விதிகளுக்குள் அடங்குமா?

நாட்டுக்கு நாடு மாறும். வேற்று உயிரியின் மரபணுவைச் சேர்க்காமல், செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்யும் முறை இது. அர்ஜென்டினா 2015இலேயே, புதிய மரபணுச் சேர்க்கை இல்லாதவற்றைப் பழைய விதிகளிலிருந்து தனித்தனியாக ஆராய்ந்து விலக்கும் நடைமுறையை வகுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் எதிர்மாறாக, இவையும் மரபணு மாற்று உயிரிகளே என்றது. அந்நிலையைத் தளர்த்தும் சட்ட முயற்சி அங்கு 2023இல் தொடங்கியது. இந்தியா 2022 மார்ச்சில், அயல் மரபணு இல்லாத இரண்டு வகைத் திருத்தங்களை 1989ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கியது; 2025 மே மாதம் இவ்வகையில் உருவான இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றுள் ஒன்று, ஆந்திரத்தின் சம்பா மசூரியிலிருந்து உருவானது.

விதி மாறியது ஓர் அலுவலகக் குறிப்பாணை மூலம். பி.டி. கத்தரிக்காக ஏழு நகரங்களில் மக்களைக் கேட்ட நாடு, அதைவிடப் பரந்த விளைவுடைய இந்த விலக்குக்கு அத்தகைய கருத்துக் கேட்பு எதையும் நடத்தவில்லை. விலக்கு அறிவியல்படி சரியாக இருக்கலாம். எடுத்த வழி சரியென்று சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் இறுதி முடிவு யாருடையது?

சட்டப்படி ஒன்றிய அரசுடையது: 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழான 1989 விதிகளுமே அடிப்படை. ஆனால் அரசியலமைப்பில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2011 முதல் களச்சோதனைக்கே மாநில அரசின் தடையின்மைச் சான்று தேவைப்படுவதால், மாநிலங்களுக்கு நடைமுறையில் மறுப்பு அதிகாரம் கிடைத்தது. ஒன்றியமும் மாநிலங்களும் இருவேறு மதிப்புகளோடு நிற்கும்போது, நாடுகளுக்கிடையே நடக்கும் அதே வழக்கு இங்கு ஒரே நாட்டுக்குள் நடக்கிறது. மூன்றாவதாக உச்ச நீதிமன்றமும் இருக்கிறது. டி.எம்.எச்-11 என்ற மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022 அக்டோபரில் தந்த ஒப்புதல் பற்றி 2024 ஜூலை 23 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர்: நீதிபதி நாகரத்னா ஒப்புதலை ரத்து செய்தார், நீதிபதி சஞ்சய் கரோல் நிலைநிறுத்தினார். மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்றை எல்லாத் தரப்பையும் கலந்து வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர்.

பாதுகாப்புத் தரவை விற்கும் நிறுவனமே தருவது ஏற்கத்தக்கதா?

உலகெங்கும் அதுதான் வழக்கம். மருந்துகளுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் அப்படியே. ஆய்வுச் செலவைப் பொதுமக்கள் தலையில் கட்டாமல் இலாபம் பெறுபவரே ஏற்க வேண்டும் என்பது இதன் நியாயம். ஆனால் அந்த நியாயம் நிற்க, தரவு முழுவதும் வெளியே வர வேண்டும்; மறு ஆய்வு செய்யத் திறனுள்ள பொது ஆய்வகம் ஒன்றாவது இருக்க வேண்டும். பி.டி. கத்தரியின் தரவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் நீதிமன்றத்தையும் நாடிய பிறகே முழுமையாக வெளியிடப்பட்டது. நம்பிக்கை அங்கேதான் உடைந்தது. உள்ளூர்க் கத்தரி ரகங்களை உரிய அனுமதியின்றிப் பயன்படுத்தினார்கள் என்ற புகாரும் பின்னர் எழுந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரிப்பன்மை ஆணையத்தின் முன் சென்றது.

பங்களாதேஷின் பத்தாண்டு அனுபவம் மற்ற நாடுகளுக்குச் சான்றாகுமா?

ஓரளவுக்கு ஆகும். அங்கு நடந்த கட்டுப்படுத்தப்பட்ட கள ஆய்வுகள், பூச்சிக்கொல்லிச் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததையும் விளைச்சல் கணிசமாக உயர்ந்ததையும் காட்டின. ரகங்கள் வீரிய ஒட்டு அல்லாதவை என்பதால் உழவர்கள் விதையைச் சேமிக்கவும் முடிகிறது. நிறுவன ஆதிக்கம் பற்றிய இந்திய அச்சத்துக்கு இது பாதி விடை. உடனடி உடல்நலக் கேடு எதுவும் தென்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். புழு எதிர்ப்புத்திறன் பெறாமல் இருக்க வயலோரத்தில் சாதாரணக் கத்தரியையும் நட வேண்டும், சந்தையில் அடையாளத்தோடு விற்க வேண்டும் என்ற நிபந்தனைகள் எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகின்றன என்பது வேறு கேள்வி. கூடையில் குவித்து எடைபோட்டு விற்கும் காய்க்கு லேபிள் கேட்பது, எழுதும்போதே மீறப்படும் என்று தெரிந்த விதி. நாட்டு ரகங்களின் நீண்டகால நிலைக்கு இந்தியா அங்கிருந்து விடை பெற முடியாது. அது தன் வயல்களிலேயே தேட வேண்டியது.

எல்லையை மதிக்காத உயிரிகளுக்கு நாடுதோறும் தனி அனுமதி போதுமா?

போதாது. மலேரியாவைப் பரப்பும் கொசுக்களின் இனப்பெருக்கத்தையே மாற்றித் தலைமுறைதோறும் தானாகப் பரவும் மரபணு உந்துவிசை என்ற தொழில்நுட்பம் ஆய்வில் உள்ளது. அதை நோக்கிய முதற்படியாக, உந்துவிசை இல்லாத மலட்டு ஆண் கொசுக்கள் புர்கினா ஃபாஸோவின் பானா கிராமத்தில் 2019இல் விடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு அத்திட்டத்தின் செயல்பாடுகள் அனைத்தையும் நிறுத்தியது. உந்துவிசையுள்ள கொசு பறக்கத் தொடங்கினால் ஒரு நாட்டின் ஒப்புதல் அண்டை நாடுகளின் ஒப்புதலாகிவிடும். கார்டஹேனா நெறிமுறை துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. சிறகுள்ள சரக்குக்கு வட்டார அளவிலான கூட்டு முடிவு தேவை. அதற்கான முழுமையான அமைப்பு எந்தக் கண்டத்திலும் இன்னும் உருவாகவில்லை.